வந்தால், வந்திருந்தால்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் உபாத்தியாயருக்கு மரியாதை கூடிவிடுகிறது. கடைத்தெருவில் நம்மைக் கண்டும் காணாதவர்போல் போகிற பெரிய மனிதர்கள்கூட அந்த நாட்களில் நின்று நமது தேக சௌக்கியத்தை விசாரிக்கிறார்கள். விசாரணை முடிந்ததும், "பையனுக்கு இங்கிலீஷ் கிராமர்தான் கொஞ்சம்..." என்று இழுக்கிறார்கள். கணக்கைப் பற்றி யாரும் இவ்வளவு வெட்கத்தோடு பேசுவதில்லை. கணக்கு வராவிட்டால் பையனுக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். இங்கிலீஷ் வராவிட்டாலோ குடும்பத்துக்கே ஏதோ மானக்கேடு வந்துவிட்டதுபோல் குரல் தாழ்ந்துவிடுகிறது.

சென்ற வாரம் அப்படி நின்ற நண்பர் ஒருவர், தாம் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் பெருமையோடேயே சொன்னார்.

"வீட்டில் தமிழே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன், ஸார். சாப்பாடு கேட்பதானாலும் இங்கிலீஷில்தான் கேட்கவேண்டும்."

"பையன் என்ன செய்கிறான்?"

"அதுதான் சங்கடம். ஒரு வாரமாக மோர் கேட்காமலே எழுந்துவிடுகிறான்."

நண்பர் சிரித்தார், நாமும் சிரித்தோம். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தப் பையனும் அவன் விட்டெழுந்த மோரும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிக்கூடங்கள் இருப்பதை நாம் அறிவோம். அவற்றின் கொள்கை இப்போது சமையலறைவரை வந்துவிட்டது. தமிழை வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்பது இவர்கள் எண்ணம். இருபது வருஷ காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அநுபவத்தில் நாம் கண்டது இதற்கு நேர் விரோதமானது. இங்கிலீஷ் இலக்கணத்தில் பையன்கள் தடுக்கி விழும் இடங்களில் பாதிக்குமேல், தமிழைக் கூடவே அழைத்துப் போனால் விழாமல் தாண்டக்கூடியவை. இதை வெறும் பாஷாபிமானத்தால் சொல்லவில்லை. உதாரணங்களோடு சொல்லுகிறோம்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்த வகுப்பிலும் சாசுவதமாக வாழ்ந்துகொண்டிருக்கும் பிழை ஒன்று உண்டு. "ஹி டிட் நாட் வென்ட்" என்பதே அது. சிவப்பு மையினால் அதை எத்தனை முறை அடித்தாலும் அடுத்த வாரம் உயிர்த்தெழுந்துவிடும். உபாத்தியாயர் விதியைச் சொல்கிறார்: "டிட் என்பதற்குப் பிறகு வினைச்சொல்லின் முதல் உருவமே வரவேண்டும்." பையன் விதியை ஒப்பிக்கிறான். ஒப்பித்துவிட்டு, "ஹி டிட் நாட் வென்ட்" என்றே எழுதுகிறான். அவன் பேரில் பிசகில்லை. நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லும்போது "கோ" என்று எழுத அவன் மனம் ஒப்பவில்லை.

அந்தப் பையனிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள். "அவன் நேற்றுப் பள்ளிக்கூடம் போனான். இல்லை என்று மாற்றிச் சொல்லு." உடனே, "அவன் நேற்றுப் பள்ளிக்கூடம் போகவில்லை" என்பான். "போனான்" எங்கே? அதிலிருந்த இறந்தகாலம் எங்கே போயிற்று? "போக" என்பதில் காலம் ஏதும் இல்லையே! இல்லை என்று சொல்ல வந்த மாத்திரத்தில் தமிழனும் வினைச்சொல்லிலிருந்து காலத்தை உருவிவிடுகிறான். இங்கிலீஷ்காரனும் அதையே செய்கிறான். உருவிய காலத்தைக் கீழே போடாமல் "டிட்" என்பதன் கையில் கொடுத்துவைக்கிறான், அவ்வளவே வித்தியாசம். "போக" என்ற இடத்தில் "கோ" நிற்கிறது. இதை ஒரு முறை கண்டுகொண்ட பையன் மறுபடி அந்தப் பிழையைச் செய்வது அபூர்வம். கேள்வி வாக்கியத்தில் தமிழ் இந்த உதவியைச் செய்யாது, "போனானா?" என்று காலத்தைப் பிடித்துக்கொண்டே கேட்கிறோம். ஆனாலும் "டிட் நாட் கோ" சரியாக வந்தவனுக்கு "டிட் ஹி கோ" என்பதைக் கற்பிப்பது பெரிய காரியமல்ல.

"கோ, வென்ட், கான்" என்று மூன்று பத்திகளாக நெட்டுருப் போடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலீஷ் வினைச்சொற்கள் ஒழுங்கற்றவை என்று பையன்கள் முறையிடுகிறார்கள். உண்மைதான். "வென்ட்" என்பது பூர்வத்தில் "வெண்ட்" என்ற வேறொரு வினையின் இறந்தகாலம்; தன் சொந்த இறந்தகாலத்தைத் தொலைத்துவிட்ட "கோ" அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் நமது வீட்டு விஷயம் என்ன? வா, வந்தான், நில், நின்றான், கேள், கேட்டான், கல், கற்றான், சா, செத்தான். இவற்றை எந்தக் குழந்தையாவது பத்தி பிரித்து நெட்டுருப் போட்டதுண்டா? கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, வாயில் படிந்துவிட்டன. இங்கிலீஷ் வினையும் வாக்கியத்தோடு வாயில் படியவேண்டும். தனிச் சொல்லாகப் படித்தது பரீட்சை மண்டபத்தின் வாசற்படிவரைதான் கூட வரும்.

நம் தேசத்தில் இங்கிலீஷ் படிப்புக்கு அஸ்திவாரம் போட்ட மெக்காலேயின் குறிப்பு 1835-ம் வருஷத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இலக்கணப் புத்தகங்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணம் இரண்டு மூன்று தலைமுறைகளை ஆட்டி வைத்தது. 1930-களில் வந்த ரென், மார்ட்டின் என்ற இருவரின் இலக்கணம் பல திருத்தங்களுடன் இன்றளவும் புத்தகக் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ரென் துரை பம்பாய் மாகாணக் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924-ல் "போ ஜெஸ்ட்" என்ற வீர நாவலை எழுதிப் பெரும் புகழ் அடைந்தவரும் அவரே. அந்த நாவலில் காட்டிய விறுவிறுப்பில் ஒரு சிட்டிகையை இலக்கணத்திலும் போட்டிருக்கலாம் என்று நமக்குப் பல சமயம் தோன்றியதுண்டு. புத்தகங்களைக் குறை சொல்லவில்லை. விதிகளும் சரி, பயிற்சிகளும் சரி, ஒழுங்காகவே இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளை எங்கே தயங்குவான், எங்கே தானாக நடப்பான் என்பது மட்டும் அவற்றில் இராது, இருக்கவும் முடியாது. அது நம் வேலை.

நிற்க. நிபந்தனை வாக்கியத்துக்கு வருவோம். பத்தாவது வகுப்புப் பிள்ளைகளின் முகம் கறுக்கும் இடம் இதுதான்.

மூன்று வகை என்று புத்தகம் சொல்கிறது. மழை பெய்தால் வீட்டில் இருப்போம்: "இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்." எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்: "இஃப் ஐ ஹாட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை." தெரிந்திருந்தால் வந்திருப்பேன்: "இஃப் ஐ ஹாட் நோன், ஐ வுட் ஹாவ் கம்." இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்ததும் பையனுக்குத் தலை சுற்றுகிறது. "சிறகு இப்போது இல்லை என்பதுதானே விஷயம்? அதற்கு ஏன் ஸார் இறந்தகாலம்?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. நமது உபாத்தியாயர் நமக்குச் சொன்ன பதில், "இங்கிலீஷ்காரன் அப்படித்தான் எழுதுவான்" என்பது. நாமும் சில வருஷங்கள் அதையே சொல்லிக் காலம் தள்ளினோம்.

பிறகு ஒரு நாள் நன்னூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது விடை அகப்பட்டது. பவணந்தி முனிவர் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டை வரிசைப்படுத்தி, முதல் ஐந்து இறந்தகாலம், அடுத்த ஒன்று நிகழ்காலம், எஞ்சிய ஆறும் எதிர்காலம் என்று பங்கிடுகிறார். அந்த ஆறில் முதலாவது "செயின்" என்பது. நாம் "செய்தால்" என்கிறோமே, அது இந்த வகையைச் சேர்ந்தது. பொருளில் எதிர்காலம். ஆனால் உருவத்தைப் பாருங்கள்! செய்தான், செய்தால், வந்தான், வந்தால், போனான், போனால், நின்றான், நின்றால். "வருகிறால்" என்றோ "வருவால்" என்றோ எந்தத் தமிழனும் சொல்வதில்லை. நாளைக்கு வரப் போகிறவனைப் பற்றிப் பேசும்போதும் இறந்தகால உருவத்தை எடுத்து, அதன் வாலில் "ஆல்" என்பதை ஒட்டுகிறோம். ஆக, இங்கிலீஷ்காரன் செய்வதாக நாம் ஆச்சரியப்பட்ட காரியத்தை நம் பாட்டிமார் பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்ன அன்று பின் பெஞ்சில் எழுந்த சிரிப்பு இன்னும் நம் காதில் இருக்கிறது. பயம் விட்ட சிரிப்பு அது.

"மழை பெய்யுமானால் என்று நாம் சொல்வதில்லையா?" என்று தமிழ் படித்த வாசகர் கேட்கக்கூடும். சொல்கிறோம், மேடையிலும் பத்திரிகையிலும் தாராளமாகச் சொல்கிறோம். "இஃப் இட் வில் ரெயின்" என்று எழுதும் பையனுக்கு அதுவும் ஒரு தூண்டுதலாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் கடைசியில் நிற்கும் "ஆனால்" என்பது "ஆனான்" என்பதன் தம்பிதான்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நம்மைக் கைவிடுகிறது. அதைப் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். மழை "பெய்தால்", சிறகு "இருந்தால்" என்று இரண்டுக்கும் ஒரே "ஆல்" போதும் நமக்கு. நடக்கக்கூடியதா, வெறும் மனோராஜ்யமா என்பதைக் கேட்பவன் ஊகித்துக்கொள்வான். இங்கிலீஷ் அப்படி விடுவதில்லை. "இது நடக்கும் என்று நீ நம்புகிறாயா, இல்லையா?" என்று பேசுகிறவனையே நிறுத்திக் கேட்கிறது. நம்பினால் "ரெயின்ஸ்". நம்பாவிட்டால் "ஹாட்". "நான் பரீட்சையில் தேறினால்" என்பதை இங்கிலீஷில் சொல்லவேண்டுமானால் பையன் முதலில் தன் மனச்சாட்சியை விசாரிக்கவேண்டும். "இஃப் ஐ பாஸ்" என்று எழுதுகிறவன் நம்பிக்கையோடிருக்கிறான். "இஃப் ஐ பாஸ்ட்" என்று எழுதுகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவேண்டும்.

மூன்றாவது வகைக்கு மீண்டும் தமிழே துணை. "இஃப் ஐ வுட் ஹாவ் நோன், ஐ வுட் ஹாவ் கம்" என்று இரண்டு பக்கமும் "வுட் ஹாவ்" போட்டு எழுதுவது பரவலான பிழை. தமிழில் "தெரிந்திருந்தால்" ஒரு பக்கம், "வந்திருப்பேன்" மற்றொரு பக்கம். "இருந்தால்" நிற்கும் இடத்தில் "ஹாட்". "இருப்பேன்" நிற்கும் இடத்தில் "வுட் ஹாவ்". இரண்டையும் வீட்டுப் பேச்சில் யாரும் இடம் மாற்றிவிடுவதில்லை.

இதை நாம் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு, புத்தகத்திலிருக்கும் பறவையும் ராஜாவும் அலுத்துப்போய், "உங்கள் சொந்த விஷயத்தைப் பற்றி ஒரு நிபந்தனை வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று வகுப்புக்குச் சொன்னோம். மறுநாள் நாற்பது நோட்டுகள். அவற்றில் ஒன்று, அதிகம் பேசாத ஒரு பையனுடையது. "இஃப் வீ வுட் ஹாவ் டேக்கன் ஃபாதர் டு த ஹாஸ்பிட்டல் ஒன் டே பிஃபோர், ஹி வுட் ஹாவ் லிவ்ட்" என்று எழுதியிருந்தான். நமது பேனா வழக்கம்போல் முதல் "வுட் ஹாவ்" என்பதன் கீழ் கோடு கிழித்தது. ஓரத்தில் அரை மதிப்பெண் குறைத்தது. அடுத்த நோட்டுக்குப் போயிற்று. இரண்டு நோட்டு தள்ளித்தான் படித்தது என்ன என்பது நமக்கு உறைத்தது. திரும்பப் போய்ப் பார்த்தோம். சிவப்புக் கோடு காய்ந்து போயிருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. வகுப்பு கலைந்த பிறகு மேஜையருகில் வந்து, "ஸார், இதைச் சரியாக எப்படிச் சொல்லவேண்டும்?" என்று கேட்டான். நாம் விதியை ஆரம்பித்தோம், தொண்டை ஒத்துழைக்கவில்லை. "முதலில் தமிழில் சொல்லப்பா" என்றோம். அவன் மெள்ள, "அப்பாவை ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார்" என்றான். சொன்னவன் சற்று நின்றான். "போயிருந்தால்" என்று மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு நமது பேனாவையே வாங்கி, "வுட் ஹாவ்" என்பதை அடித்து, மேலே "ஹாட்" என்று எழுதினான். "ஒன் டே பிஃபோர்" என்பதை "எ டே எர்லியர்" என்று நாம் மாற்றிக் கொடுத்தோம். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு முன் மூன்றாவது வகை என்பது நமக்குப் பரீட்சைக்கு நான்கு மதிப்பெண். எந்தப் பாஷைக்காரனும் திரும்ப முடியாத நாளுக்கு ஒரு தடவையாவது மனத்தால் திரும்பிப் போகிறவன்தான் என்பதும், அதற்காகவே எல்லோரும் இப்படி ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் புத்தியில் பட்டது.

தமிழ் வழிகாட்டும் என்று சொன்னோமே தவிர, எல்லா முச்சந்தியிலும் அதை நம்பித் திரும்பலாம் என்று சொல்லவில்லை. "பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்" என்பதை அப்படியே பெயர்த்தால், "ஐ ஆம் இன் திஸ் டவுன் ஃபார் டென் இயர்ஸ்" என்று தப்பாக முடியும். இங்கிலீஷுக்கு அங்கே "ஹாவ் பீன்" வேண்டும். "ராமன் காசிக்குப் போயிருக்கிறான்" என்றால் தமிழில் இரண்டு அர்த்தம். இன்னும் காசியில் இருக்கிறானா, ஒரு காலத்தில் போய் வந்தவனா? முன்னதற்கு "ஹாஸ் கான்", பின்னதற்கு "ஹாஸ் பீன்". இந்த இடங்களை எல்லாம் பையனே தமிழையும் இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பான். ஒன்றை வீட்டை விட்டுத் துரத்திவிட்டால் ஒப்பிட என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரர் தமிழ் படித்தபோது இப்படித்தான் படித்தார்கள். ஜி. யு. போப் தமிழ் கற்க வரும் தம் நாட்டாருக்காகத் தமிழ்க் கைநூல் எழுதியபோது, விளக்கங்களை இங்கிலீஷிலேயே எழுதினார். தாய்பாஷையை மறந்தால்தான் திருக்குறள் விளங்கும் என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை. குறளை 1886-ல் இங்கிலீஷில் வெளியிட்டவரும் அவரே. காந்தியடிகள் "ஹிந்த் ஸ்வராஜ்" நூலை 1909-ல் கப்பல் பிரயாணத்தில் எழுதியது குஜராத்தியில். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1910-ல் வந்தது; அதையும் அவரே செய்தார். இங்கிலீஷ் கல்வியைச் சுயசரிதையில் வெறுத்துப் பாடிய பாரதியார்தான், ஒரு காலத்தில் ஷெல்லியின் கவிதையில் ஈடுபட்டு "ஷெல்லிதாசன்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டவரும். இவர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் ஒரு கருவி. வீட்டில் தமிழை அடக்கிவைக்கும் நண்பருக்கு அது எஜமானனாக இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கால் மணி நேரம் போதும். காகிதமும் பேனாவும் வேண்டாம். அன்றைக்கு வீட்டில் நடந்த ஏதாவது ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போகிறான், போனான், போகவில்லை, போயிருக்கிறான், போனால், போயிருந்தால். ஒருவர் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும். பிள்ளை இங்கிலீஷில் சொல்லவேண்டும். "போனால்" வரும்போது மட்டும் நிறுத்தி, "நடக்குமா, நடக்காதா?" என்று கேளுங்கள். இங்கிலீஷே படிக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் வாக்கியங்களில் உப்பு, புளி எல்லாம் இருக்கும்.

மேற்படி நண்பர் வீட்டில் இதைப் பரீட்சித்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். இராச் சாப்பாட்டு நேரம். உத்தரவு அன்றைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. பையன் முதல் ஐந்து வரை ஒரு மாதிரி வந்துவிட்டான். ஆறாவதற்கு யாருக்கும் வாக்கியம் தோன்றாமலிருந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, "நான் மட்டும் அந்தக் காலத்தில் படித்திருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"இஃப் ஐ ஹாட் ஸ்டடீட்..." என்றான் பையன், சிறிதும் தயங்காமல். பிறகு, "மேலே சொல்லுங்கள் பாட்டி, என்ன செய்திருப்பீர்கள்?"

"உன் தாத்தாவுக்கு வந்த கடிதத்தையெல்லாம் நானே வாசித்திருப்பேன்."

"ஐ வுட் ஹாவ் ரெட் ஆல் தி லெட்டர்ஸ்..." என்று வந்தவன், நடுவில் இங்கிலீஷை விட்டுவிட்டு, "தாத்தாவுக்கு யார் பாட்டி கடிதம் எழுதினார்கள்?" என்று கேட்டான்.

பாட்டி அவன் தட்டில் மோரை ஊற்றச் சொன்னாள்.